டான்ஸி குடும்பத்துக் கல்லறையில் ஓர் இடம்

அட்ராக்டா டான்ஸிக்கு உட்காரத் தெரியாது. பாலிமோட் பள்ளிக்கூட வாசலில் கையில் வட்டப் பலகையோடு நின்று, லாரிகளை நிறுத்திப் பிள்ளைகளைச் சாலை கடக்க வைத்தே காலத்தை ஓட்டியவள். ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகு நிறுத்துவதற்கு லாரி இல்லாமல் போயிற்று. செத்தவர்களைப் பிடித்துக்கொண்டாள்.

நூலகக் கதவு திறக்கும்போதே அவள் வாசலில் இருப்பாள். பிறப்பு, திருமணம், இறப்பு என்று அரசாங்கம் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கும் பழைய பதிவுகளெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பூட்டனைத் தேடி அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் அவள் கையில் சிக்கினால், பூட்டனோடு பூட்டன் வாங்கிய கெட்ட பெயரையும் தெரிந்துகொண்டுதான் ஊர் திரும்புவார்கள். காசு வாங்கமாட்டாள். நான் பக்கத்து வீட்டுக்காரி, டிம்ப்னா. வழிப்போக்கர்களுக்கு இரண்டு அறை வாடகைக்கு விடுகிறேன். என் சமையலறையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் அவள் கோட்டு மட்டும்தான் உட்காரும்.

போன அக்டோபரில் கவென்ட்ரியிலிருந்து கிளைவ் டான்ஸி என்று ஒருவர் என் வீட்டில் வந்து தங்கினார். பூச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவர், அதிர்ந்து பேசாத மனிதர். பையில் ஒரு பிஸ்கட் டப்பா. அதில் அவருடைய அப்பாவின் சாம்பல். அப்பா பெயர் லூக், தொண்ணூற்றொன்பது வயதில் போய்ச் சேர்ந்திருந்தார். பிறந்த ஊரில் தன் குடும்பத்துக் கல்லறையில் கிடக்க வேண்டும் என்பது அவர் கடைசி ஆசை. அந்தக் கல்லறை இப்போது அட்ராக்டா பொறுப்பில் இருந்தது. டான்ஸி வீட்டில் மிச்சம் அவள் ஒருத்திதான்.

நானே கூட்டிக்கொண்டு போனேன். வாசல்படியில் நிறுத்தி வைத்தே அவள் விசாரித்தாள்.

"எங்க அப்பாவுக்கு லூக்னு ஒரு தம்பி இருந்தது நெசம்தான். மூணு வயசுல கக்குவான் இருமல்ல செத்துப்போச்சு. 1922-ல. பதிவு இருக்கு, காட்டட்டுமா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. அப்பா இந்த ஊர்னு சொன்னார். டான்ஸி வீடுன்னு சொன்னார்."

"செத்த பிள்ளை இங்கிலாந்துக்குப் போயி உன்னைப் பெத்துச்சா?"

"அவர் ஊரைப் பத்தி அதிகமா பேசினதில்ல."

"வயல் எத்தனை ஏக்கர்னு மட்டும் சொல்லியிருப்பாரே."

அந்த மனிதரின் முகம் சிவந்து போனது. வெளிநாட்டிலிருந்து சொந்தம் கொண்டாடி வருகிறவன் நிலத்துக்குத்தான் வருகிறான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவர் வாய் திறப்பதற்குள் கதவை அறைந்து சாத்தினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பிப் போய்விட்டார்.

"கல்நெஞ்சுக்காரிடி நீ" என்று அவளிடம் சொன்னேன்.

"பதிவு பொய் சொல்லாதுடி" என்றாள்.

நவம்பரில் நூலகத்துக்கு ஓர் அமெரிக்கப் பெண் வந்தாள். ஒரே அப்பா அம்மாவுக்கு ஹனோரா என்று இரண்டு பெண் பிள்ளைகள் பதிவாகியிருக்கிறதே, யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று சாதித்தாள். அட்ராக்டா வழக்கம்போல விளக்க ஆரம்பித்தாள்.

"தப்பில்லம்மா. ஒரு பிள்ளை செத்துட்டா, அடுத்து பொறக்கறதுக்கு அதே பேரை வைப்பாங்க. பேர் போயிடக் கூடாதுல்ல. இங்க எல்லா வீட்லயும்..."

அதோடு நிறுத்திவிட்டாள். கோட்டைக்கூட எடுக்காமல் மழையில் நனைந்தபடி என் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"டிம்ப்னா, ரெண்டாவதா ஒரு லூக் பொறந்திருந்தா?"

ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிற வழக்கம், சொந்த வீட்டுக்கு மட்டும் மறந்துபோயிருந்தது. பிறப்புப் பதிவு நூறு வருடம் ஆனால்தான் இணையத்துக்கு வரும். கிளைவின் அப்பா தொண்ணூற்றொன்பதில் இறந்தவர். அப்படி ஒரு லூக் இருந்திருந்தால் அவன் இன்னும் பூட்டுக்குள்ளேதான் இருந்தான்.

"பதிவு ஆபீஸ்ல காசு கட்டிக் கேட்டா நகல் குடுப்பாங்களே" என்றேன்.

"குடுத்துடுவாங்கடி. அதான் பயமா இருக்கு."

"அப்ப அந்த மனுஷனுக்கு ஒரு போன் போடு."

"போட்டு? ஒருவேளை நீ சொன்னது சரியா இருக்கலாம்னு சொல்லவா? தெரிஞ்சுக்கிட்டுப் பேசறேன்."

1926-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கை ஏப்ரலில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்காகக் காத்திருந்தாள். அது காத்திருப்பா? வெளிக்கதவுக்குப் பச்சை அடித்தாள், பிடிக்காமல் கறுப்பு அடித்தாள். அடுப்பில் சூப்பை வைத்துவிட்டுத் தெருவுக்குப் போய்விடுவாள். பாதிரியாரிடம் சண்டை, தபால்காரனிடம் சண்டை. அப்பா இப்படி இன்னொரு தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லையே என்று என்னிடம் நூறு தடவை கேட்டிருப்பாள். இங்கிலாந்துக்குப் போய்ப் பிராடஸ்டன்ட் பெண்ணைக் கட்டிக்கொண்டவர்களை வீட்டில் பேசாமலே இல்லாமல் ஆக்குவது எங்கள் கத்தோலிக்க ஊருக்குக் கைவந்த கலை. கிளைவின் அம்மாவும் அப்படி ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று சொல்ல வந்து, அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். ஞாயிறுதோறும் கல்லறைக்குப் போய்க் களை பிடுங்கினாள். குளிர்காலத்தில் ஏது களை? இருந்த புல்லைப் பிடுங்கினாள்.

கணக்கு திறந்த அன்று நாடே தன் பாட்டனைத் தேடிக்கொண்டிருந்தது. என் மகள் வாங்கிக் கொடுத்த கணினியில், அட்ராக்டா நின்றபடியே ஊர் பெயரைத் தட்டினாள். டான்ஸி வீட்டுப் பக்கம் வந்தது. அவளுடைய தாத்தா, பாட்டி. மூத்த மகன் பார்ட்லி, பன்னிரண்டு வயது. அவன்தான் அவள் அப்பா. அப்புறம் இரண்டு பெண்கள். கடைசி வரியில் லூக், வயது மூன்று மாதம்.

நாற்காலியில் கிடந்த தன் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "வாசல்லயே நிக்க வெச்சேன்டி" என்றாள். "தண்ணி வேணுமான்னுகூடக் கேக்கல."

கிளைவின் எண் என்னிடம் இருந்தது. நானே போட்டு, அவளும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் வைத்தேன். அட்ராக்டா சுற்றி வளைக்கவில்லை.

"அட்ராக்டா பேசறேன். தப்பு என்னோடது. உங்க அப்பா எங்க சித்தப்பாதான். கூட்டிக்கிட்டு வாங்க. குழி உங்களோடது."



"கூட்டிக்கிட்டு வர்றதுக்கு அப்பா இங்க இல்லைங்க."

அவள் முகம் வெளுத்துவிட்டது. கடலில் கரைத்துவிட்டார், எங்கேயோ காற்றில் விட்டுவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

"எங்க விட்டீங்க?"

"அங்கேயேதான். அன்னிக்குக் காலையில கல்லறைத் தோட்டத்துச் சுவரேறிக் குதிச்சு, உங்க குழியிலயே புதைச்சுட்டேன். டிம்ப்னா வீட்டுக் கொத்துக்கரண்டியாலதான் தோண்டினேன். அவங்க மன்னிக்கணும்."

குளிர்காலம் முழுக்க அந்த மனிதரின் தலைமாட்டில்தான் இவள் புல் பிடுங்கியிருக்கிறாள்.

"அவ்வளவு பேசினேனே. அதுக்கப்புறமும் எங்க குழிதான்னு எப்படி நம்பினீங்க?" என்று கேட்டாள். 

"நீங்க கதவைச் சாத்தினீங்களே, அதுலதான். அதுவரைக்கும் எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு. எங்க அப்பாவும் அப்படியேதான் சாத்துவார்."