வாளியில் வந்த களவா

கல்யாணமான வருஷமே என் மனைவிக்கு மசக்கை கண்டது. சோறு கொதிக்கும் வாசனைக்கே குமட்டுவாள். அவள் பாம்பன்காரி, கடல் மீன் தின்று வளர்ந்தவள். எங்களுக்கோ மீன் என்றால் காவிரி மீன்தான். என் அம்மா ஆசையாக வைத்த விரால் குழம்பை அவள் தொடக்கூட இல்லை. மூன்றே மாதத்தில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டது. இன்னும் நாலு நாள் பார்ப்பது, இல்லாவிட்டால் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று அம்மா முடிவு செய்தாள். அனுப்பினால் திரும்பி வருவாளா என்று எனக்குச் சந்தேகம். அவள் இந்த வீட்டில் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

என்ன வேணும் என்று நச்சரித்ததில் ஒருநாள் வாயைத் திறந்தாள்.

"களவா மீன் தலை."

அந்தப் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டேன். ராமேசுவரம் ரயிலில் ஜங்ஷனுக்குக் கடல் மீன் வருவதாகச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் சொன்னார். எங்கள் வீட்டில் விராலைத் துள்ளத் துடிக்க, தண்ணீரோடுதான் வாங்கி வருவோம். செத்த மீன் வாசற்படி தாண்டாது. அதனால் அம்மா ஒரு தகர வாளியில் காவிரித் தண்ணீரை நிரப்பிக் கொடுத்தாள். நானும் தளும்பத் தளும்பத் தூக்கிக்கொண்டு போனேன்.

மீன்காரர் என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். பனிக்கட்டிக்கும் மரத்தூளுக்கும் நடுவே, உடம்பெல்லாம் புள்ளியோடு, பெரிய வாயைப் பிளந்தபடி களவா செத்துக் கிடந்தது. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. வழியில் கெட்டுவிடப் போகிறதே என்று அதைத் தண்ணீருக்குள் விட்டேன். கண்டக்டர் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டதால் நடந்தே வந்தேன்.

வாளிக்குள் எட்டிப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். குமட்டுகிறது என்று நினைத்தேன். இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவளே அடுப்படியில் வந்து உட்கார்ந்து அம்மாவுக்குப் பக்குவம் சொன்னாள், கூடவே மீனின் கதையையும் சொன்னாள். களவா கடலடியில் பாறை இடுக்கில் அசையாமல் கிடக்குமாம். பக்கத்தில் வரும் மீனை ஒரே வாயில் விழுங்குமாம். ஆழத்திலிருந்து இழுத்தாலே கண் பிதுங்கிவிடுமாம்.

"இடம் மாறினா அதுக்குத் தாங்காதுங்க."

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். எனக்குச் சுருக்கென்றது.

அன்று இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கினாள். குமட்டவில்லை. சாப்பிட்டுக்கொண்டே, யாரும் கேட்காமல் அம்மாவிடம் சொன்னாள்: "ஒன்பதாம் மாசம் அம்மா வீட்டுக்குப் போறேன் அத்தை. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்துடுறேன்."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தொண்டையில் முள் மாட்டிக்கொண்டது என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.