கரும்பலகையில் வரைந்த மண்ணீரல்

இருபது வருஷத்துக்கும் மேலாக ஒரே படத்தைக் கரும்பலகையில் வரைந்து வந்தவன் நான். தாம்பரம் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில், முதலாண்டு மாணவர்களுக்கு உடல் திசுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்க்கக் கற்றுத்தருவது என் வேலை. மண்ணீரல் பாடம் வந்தால் எனக்குக் குஷி பிறந்துவிடும். ரத்தத்தை வடிகட்டும் பகுதியைச் சிவப்பு சாக்பீசால் பலகை முழுக்கத் தீட்டுவேன். நடுநடுவே வெள்ளைத் தீவுகள். ஒவ்வொரு தீவிலும் ஒரு சின்ன ரத்தக்குழாய். குழாயைச் சுற்றி உறை மாட்டியதுபோல டி செல்கள். பக்கத்தில் உருண்டையாக பி செல்கள். இரண்டுமே நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்கள்தான், ஆனால் வேறு வேறு இடம். ஒன்று இன்னொன்றின் எல்லைக்குள் கால் வைக்காது என்று அடித்துச் சொல்வேன்.

ஒரே குறை, அந்தப் படத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் ஸ்லைடுகள் தானமாக வந்த உடல்களிலிருந்து எடுத்தவை. மண்ணீரல் சீக்கிரம் கெட்டுப்போகும் உறுப்பு. எங்கள் கைக்கு வருவதற்குள் குழைந்திருக்கும். விபத்தில் அடிபட்டவர்களுக்கு எடுத்ததைக் கேட்டு வாங்கலாம்தான். ஒருவர் வலியில் கிடக்கும்போது போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை. வரைந்ததெல்லாம் நிஜமா என்று செத்துப்போவதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் விடவில்லை.

பார்க்கவும் நேர்ந்தது. கேம்ப் ரோட்டில் தண்ணி லாரி சிந்திவிட்டுப் போன ஈரத்தில் என் ஸ்கூட்டர் வழுக்கி, ஹேண்டில்பார் இடது விலாவில் இடித்தது. மண்ணீரல் கிழிந்துவிட்டது, எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். அறுவை செய்ய வந்தவன் என் பழைய மாணவன். செய்முறைத் தேர்வில் மண்ணீரல் ஸ்லைடைப் பார்த்து நிணநீர்க் கணு என்று எழுதிய மகராசன்.

"எடுத்ததும் மெல்லிசா நறுக்கி, கெட்டுப்போகாம ஃபார்மலின்ல போட்டுடுப்பா," என்றேன்.

"சார், முதல்ல நீங்க பொழைச்சு வாங்க," என்றான்.

ஆனால் சொன்னபடி போட்டு வைத்திருந்தான். நல்ல பிள்ளை.

என் மனைவி சேலையூரில் பள்ளி ஆசிரியை. மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல் வந்தால் ஆபத்து என்று டாக்டர் சொன்னதிலிருந்து, நான் தும்மினாலே தெர்மாமீட்டரோடு வந்து நின்றாள். போன மண்ணீரலைக் கண்ணாடித் துண்டில் ஒட்டி ஊருக்கே காட்டப் போகிறீர்களா என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நோய்க்குறியியல் துறை நண்பர் என் மண்ணீரலில் மெல்லிய சீவல்கள் எடுத்து, ஒன்றில் டி செல்களும் அடுத்ததில் பி செல்களும் பழுப்பாகத் தெரியும்படி சாயமேற்றித் தந்தார். லென்ஸைத் திருப்பிக் கண்ணை வைத்தேன். உருண்டைகள் இருந்தன, அற்புதமாக. உறைதான் இல்லை. குழாயின் வழியில் டி செல்கள் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம். இடையில் பி செல்களும் குழாயை ஒட்டியே உட்கார்ந்திருந்தன, கதம்பச் சரம்போல. புத்தகங்களைப் புரட்டினேன். அந்த ஒழுங்கான படம் பெரும்பாலும் எலியைப் பார்த்து வந்தது; மனிதனுக்கு அப்படியே பொருந்தாது. இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு நான் எலியை வரைந்து காட்டியிருக்கிறேன்.

வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ பெருமை தாங்கவில்லை. என் தவறை என் மண்ணீரலே திருத்தியிருக்கிறது, வேறு எந்த வாத்தியாருக்கு இது வாய்க்கும்? மறுவாரம் வகுப்பில் பழைய படத்தை ஒருமுறை வரைந்து, அவர்கள் கண்முன்னாலேயே அழித்தேன். புதியதை என் ஸ்லைடைப் பார்த்து வரைந்தேன். இது என்னுடையது என்றும் சொன்னேன்.

சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக மனைவி வந்தாள். என்னை வண்டி தொட விடுவதில்லை. ஒரே ஒரு தடவை பார் என்று கெஞ்சி மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தேன். வேண்டாவெறுப்பாகத்தான் குனிந்தாள். அப்புறம் நிமிரவே இல்லை.

"உங்களுக்கு டெங்கு வந்தப்போ இதுவும் சண்டை போட்டுச்சா?"

"போட்டிருக்கும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தாள்.

"இவ்வளவு அழகா உள்ள வச்சுக்கிட்டு, ஒரு வண்டிய ஒழுங்கா ஓட்டத் தெரியலையே உங்களுக்கு," என்றாள்.