நானூற்று ஒன்றாவது முகவரி

கிட்ட வாங்க, கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. பயந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம். ஒரு கதை சொல்கிறேன். இருட்டட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, இது பட்டப்பகலில் நடந்தது.

கட்டுக்கதை இல்லை. நடந்தது என் நாத்தனார் மகளுக்கு. எனக்குச் சொன்னவளும் அவள்தான். 

அவள் சேர்ந்தது லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒரு சின்னக் கம்பெனியில். அவள் கணவனும் அங்கேதான் மெக்கானிக். இவளை மூன்று மாதச் சோதனைக்கு எடுத்திருந்தார்கள். முன்பின் தெரியாத கட்டடக்காரர்களுக்கு மெயில் அனுப்பி, "உங்க லிஃப்டை நாங்க பார்த்துக்கறோம்" என்று வேலை கேட்க வேண்டும். அதனால் அலுவலகத்தில் எல்லாருக்கும் அவள் தபால்காரி.

ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து எழுதுகிற காலம் போய்விட்டது பாருங்கள். நான்கு கடிதம் எழுதி, முகவரிகளோடு கம்ப்யூட்டரில் போட்டால் போதும். தினமும் காலை பத்து மணிக்கு ஒன்றாக அதுவே அனுப்பும். முதல் கடிதம் வணக்கம் சொல்லும். இரண்டாவது, "முந்தைய கடிதத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்கும். மூன்றாவது, "உங்களுக்கு நேரமில்லை என்று புரிகிறது" என்று குழையும். நான்காவது கும்பிடு போட்டு விடைபெறும். நடுவில் ஒருவர் பதில் போட்டுவிட்டால் அவருக்கு மட்டும் கடிதம் நின்றுவிட வேண்டும். அதுதான் முறை.

புதிதாகச் செய்ய அவளுக்கு நேரமில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் செய்துவைத்த பழைய தொடர் ஒன்று கம்ப்யூட்டரில் கிடந்தது. அதை அப்படியே நகலெடுத்தாள். நானூறு முகவரிகளை ஏற்றினாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஓடவிட்டாள்.

எண்ணிக்கை நானூற்று ஒன்று என்று காட்டியது.

எண்ணிப் பார்த்தாள். அவள் பட்டியலில் நானூறுதான். அந்த ஒன்றில் பெயர் போடும் இடம் காலியாக இருந்தது. அழித்தாள். நானூறு. தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

நானூற்று ஒன்று.

செவ்வாய், புதன், வியாழன்... நான்கு கடிதமும் போய்விட்டன. ஆயிரத்து அறுநூற்று நான்கு மெயில். ஒரு பதில் கூட இல்லை. வெள்ளிக்கிழமையோடு சோதனைக் காலம் முடிகிறது. வேலை நிற்குமா, போகுமா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.  உட்கார்ந்தால் எழுந்திருப்பாள், எழுந்தால் உட்காருவாள்.

"என்ன தபால்காரம்மா, உன் மெயிலைப் பார்த்துட்டு ஊரே வாயடைச்சுப் போச்சா?" என்று கணவன் சீண்டினான்.

"சும்மா இருங்க. வெள்ளிக்கிழமை முதலாளி என்ன சொல்வாரோ."

அவள் சொல்லாதது ஒன்று இருந்தது. யார் யார் கடிதத்தைத் திறந்தார்கள் என்று கம்ப்யூட்டர் கணக்குக் காட்டும். ஒருவர் ஒரு தடவை திறப்பார், மிஞ்சினால் இரண்டு. அந்தப் பெயரில்லாத முகவரி எழுபத்து நான்கு தடவை திறந்திருந்தது. யாரோ உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படிக்கிற மாதிரி.

இன்னொன்றும் உண்டு. நான்கு நாளும் 11.17க்கு அவள் காதருகே ஒரு மணி கேட்டது. டிங்... லிஃப்ட் வந்து நிற்கும்போது கேட்குமே, அதே சத்தம்.

அவர்கள் அலுவலகம் தரைத்தளம். அங்கே லிஃப்ட் கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை 10.40. மனசு கேட்காமல், கம்ப்யூட்டர் வேலையெல்லாம் பார்க்கும் 'ஒயர்' அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, பழசை அப்படியே நகலெடுத்தியா? அதுல பதில் போற இன்பாக்ஸ் வேறம்மா. அதை யாருமே திறக்கறதில்லை."

"திறக்கறதில்லையா? அப்ப பதில் வந்தா?"

"வந்தா வந்ததுதான்." அவர் குரல் இறங்கியது. "பதில் வந்தா நிக்கணும்ங்கறதையும் அப்பவே நான்தான் எடுத்துவிட்டேன். நாலும் எல்லாருக்கும் போகட்டும்னு முதலாளி சொன்னார்."

அந்த இன்பாக்ஸைத் திறந்தார்கள். அவள் போட்ட கடிதங்களுக்கு அறுபத்தைந்து பதில்கள் வரிசையாக இருந்தன!

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "முதலாளி!" என்று கத்தினாள். அவரும் ஓடிவந்து பார்த்து, "பொழைச்சுக்கிட்டே போ" என்று சிரித்தார்.

அறுபத்தைந்தில் நான்கு பதில்கள் ஒரே முகவரியிலிருந்து. நான்கும் ஒரே வரி.

"இன்னும் யாரும் வரவில்லை."

கீழே பெயர் இல்லை. 'கட்டடப் பொறுப்பாளர்' என்றும், தெருவும், கட்டட எண்ணும் மட்டும் இருந்தன. பாவம், நான்கு நாளாகக் கூப்பிடுகிறாரே என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது. முதல் வேலையாக அங்கே ஆள் போகட்டும் என்று நினைத்தாள். கணவன் அந்தப் பக்கம்தான் இருந்தான். 10.52க்குப் போன் போட்டாள்.

"என்னங்க, உடனே ஒரு எடத்துக்குப் போகணும்."

"உத்தரவு மகாராணி. பத்து நிமிஷத்துல அங்க இருப்பேன்."

அவளேதான் அனுப்பினாள், கண்ணுகளா. இதை மறந்துவிடாதீர்கள்.

அப்புறம்தான் அந்த நான்கு பதில்களின் நேரத்தைப் பார்த்தாள்.

திங்கள், 11.17. செவ்வாய், 11.17. புதன், 11.17. வியாழன், 11.17.

இன்பாக்ஸின் அடிக்குப் போனாள். அதே முகவரியிலிருந்து பழைய பதில்கள் இருந்தன. மூன்று வருடத்துக்கு முந்தையவை. ஒன்று கூடத் திறக்கப்படவில்லை.

வெள்ளி, மாலை 6.52. "லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. நான் உள்ளே இருக்கிறேன். இங்கே போன் பேச முடியவில்லை, மெயில் மட்டும் போகிறது. உங்கள் கடிதம்தான் போனில் திறந்திருந்தது. ஆள் அனுப்புங்கள்."

சனி காலை பத்து மணிக்கு மெஷின் எழுதியிருந்தது: "எங்கள் முந்தைய கடிதத்தைப் பார்த்தீர்களா?"

10.03. "பார்த்தேன். நான் எழுதியதை நீங்கள் பார்த்தீர்களா? கட்டடத்தில் யாரும் இல்லை. மூன்று நாள் விடுமுறை."

ஞாயிறு, பத்து மணி. "உங்களுக்கு நேரமில்லை என்று புரிகிறது."

10.20. "எனக்கு நிறைய நேரம் இருக்கிறது. தண்ணீர்தான் இல்லை."

திங்கள், பத்து மணி. "இதுவே எங்கள் கடைசிக் கடிதம். இனி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டோம்."

அதற்குப் பதில் வர வெகுநேரம் ஆகியிருந்தது.

11.17. "அப்படிச் சொல்லாதீர்கள்."

அதற்குக் கீழே எதுவும் இல்லை.

"முதலாளி... யார் இது?"

முதலாளி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அந்தக் கட்டடத்துல ஒருத்தர்... லிஃப்டுக்குள்ள நெஞ்சுவலில போயிட்டார்னு சொன்னாங்க. நமக்கு எழுதினார்னு எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது."

மணி 11.12.

கணவனுக்குப் போன் போட்டாள். போகவில்லை. மறுபடி போட்டாள். போகவில்லை. முதலாளி தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். ஒயர் அண்ணன் செருப்பைக் கூட மாட்டாமல் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார்.

11.15... 11.16...

டிங்.

இந்தத் தடவை முதலாளிக்கும் கேட்டது.

புதிய மெயில் ஒன்று வந்தது.

"ஒருவர் வந்தார். நன்றி. இப்போது இரண்டு பேர் இருக்கிறோம். கதவு திறக்கவில்லை."

அவள் மறுபடியும் கணவனுக்குப் போன் போட்டாள். போகவில்லை.

என்ன செய்வாள்? கணவனை விட்டுவிடச் சொல்லி அவரிடம் எப்படிக் கேட்பாள்? அப்போது ஒன்று உறைத்தது. பதில் வந்தால் நின்றுவிட வேண்டும், அதுதானே முறை? அந்த மனிதருக்கு எட்டுக் கடிதம் போயிருக்கிறது. எட்டும் மெஷின் எழுதியது. பதில் என்று ஒரு மனுஷி எழுதவே இல்லையே...

உட்கார்ந்தாள். தன் கையாலேயே எழுதினாள்.

"ஐயா, நீங்கள் எழுதியதெல்லாம் படித்துவிட்டேன். ஒன்று விடாமல் படித்தேன். இத்தனை காலம் காக்க வைத்ததற்கு மன்னியுங்கள். உங்களோடு இருப்பவர் என் கணவர். அவரை நான்தான் அனுப்பினேன். இரண்டு பேரும் வெளியே வந்துவிடுங்கள். இதை மெஷின் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்."

11.24. அனுப்பினாள்.

ஒன்றுமில்லை.

11.25.

ஒன்றுமில்லை...

11.26.

போன் அடித்தது.

"என்ன, இத்தனை தடவை கூப்பிட்டிருக்கே?"

கணவன் குரல்! 

"எங்க இருக்கீங்க? வெளிய வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன். லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. நல்ல வேளை, ஒரு பெரியவர் கூட இருந்தார். அவர்தான் கதவைப் பிடிச்சுக்கிட்டு வாங்க வாங்கன்னு ஏத்தினார். என் கையை விடவே இல்லை. கை என்னமா ஜில்லுன்னு இருந்தது தெரியுமா..."

"இப்ப எங்க அவர்?"

"திடீர்னு கதவு திறந்துச்சு. எனக்கு முன்னாடி இறங்கிப் போயிட்டார். ஆங், உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னார். கடிதம் கிடைச்சுதாம்."

11.31க்கு அவள் எழுதிய மெயில் திரும்பி வந்தது. அப்படி ஒரு முகவரியே இல்லையாம். மூடி மூன்று வருடம் ஆகிவிட்டதாம்.

பட்டியலைப் பார்த்தாள்.

நானூறு.

கணவன் முதலில் எதையும் நம்பவில்லை. "வெயில்ல உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்றான். மறுநாள் முதலாளியைக் கூட்டிக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குப் போனான். காவலாளி விசித்திரமாகப் பார்த்தார். "லிஃப்டா? இங்க எல்லாரும் படிதானே ஏறறாங்க?" என்றார். மொட்டைமாடி அறையைத் திறந்துவிட்டார். லிஃப்டை இழுக்கும் மோட்டார் இருக்க வேண்டிய அறை அது.

அங்கே மோட்டார் இல்லை. கயிறும் இல்லை. தரையில் துருப்பிடித்த நான்கு போல்ட் மட்டும் இருந்தன. எல்லாவற்றையும் கழற்றி எடுத்துப்போய் இரண்டரை வருடம் ஆகிவிட்டதாம்.

அந்த மெக்கானிக் அங்கேயே படியில் உட்கார்ந்தான். தன் வலது கையைப் பார்த்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அந்தக் கை இன்றைக்கும் மற்றக் கையைவிடக் கொஞ்சம் ஜில்லென்றுதான் இருக்கிறது. நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

அவளுக்கு வேலை நிலைத்துவிட்டது. கடிதங்களை இன்னும் மெஷின்தான் அனுப்புகிறது. ஆனால் வருகிற பதிலை, 'வேண்டாம்' என்று வருவதைக் கூட, அவளே படித்து அவளே எழுதுகிறாள். 11.17க்கு மட்டும் ஒரு நிமிஷம் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள். அந்த மணி அப்புறம் கேட்கவில்லை.

அவ்வளவுதான், கண்ணுகளா. கையை விடுங்கள், வலிக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து போகிற கடிதத்துக்கெல்லாம் ஒரு மனுஷர் கையால் பதில் வரட்டும். உங்கள் வீட்டு ஆட்கள் ஏறுகிற இடத்திலெல்லாம் கதவு தட்டாமலே திறக்கட்டும். காலையில் போனவர்கள் அத்தனை பேரும் சாயங்காலம் சிரித்துக்கொண்டே வாசல் ஏறட்டும். நல்லா இருங்க.