சுமைக்கா, சோக்குக்கா

போன வாரம் டோல்கேட் சிக்னலில் ஷேர் ஆட்டோவுக்குள் நசுங்கி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருவர் பைக்கை நிறுத்தினார். பளபளப்பான வண்டி, இஸ்திரி கலையாத சட்டை. செயின் மட்டும் அவிழ்ந்த அரைஞாண் கயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. என் வாய் சும்மா இருக்குமா? "தோ பாருப்பா, செயினு தொங்குது. பல்சக்கரத்தயும் சேத்து மாத்திடு" என்றேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். சிக்னல் விழுந்ததும் போய்விட்டார். அந்தச் செயினின் கிலுகிலு சத்தம் மட்டும் என்னோடு ஆட்டோவில் வந்தது.

ஒரு காலத்தில் அந்தச் சத்தத்தோடுதான் நான் தினமும் மாதவரம் போய்வந்தேன். செல்போனில் மிஸ்டு கால் கொடுத்தே குடும்பம் நடத்திய காலம். காசிமேட்டில் விடியலில் மீன் ஏலம் எடுத்து, பைக்கின் இரண்டு பக்கமும் ஐஸ் பெட்டியைக் கட்டி, நடுவில் நானும் ஏறி உட்கார்ந்தால் வண்டி பெருமூச்சு விடும். ஓட்டுவது என் வீட்டுக்காரர். விசைப்படகு ஓட்டியவர். இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு கடலை விட்டு என் வியாபாரத்துக்கு டிரைவராக வந்தார். அவரைக் கேட்டால், என்னை வேலைக்கு வைத்துக்கொண்டது அவர்தான் என்பார்.

பால் பண்ணைக் குடியிருப்பு வாசலில் ஒரு புங்கமரம் இருந்தது. அதன் நிழலில் உட்கார்ந்தால் ஐஸ் உருகாது, மீன் கண் மங்காது, வேலைக்குப் போகிறவர்கள் போகிற போக்கில் வாங்கிப் போவார்கள். அந்த நிழல் யாருக்கும் பட்டா இல்லை. எவள் முதலில் கூடையை இறக்குகிறாளோ அன்றைக்கு அவளுக்கு. எனக்குப் போட்டி கல்யாணி. ஆட்டோவில் வருவாள், வாயோடு வருவாள். அவள் முந்திவிட்டால் நான் வெயிலில் உட்கார்ந்து வஞ்சிரத்தைக் கருவாடாக்க வேண்டியதுதான்.

இதில் என் வீட்டுக்காரர் செய்த வைத்தியத்தைக் கேளுங்கள். ஐஸ் தண்ணீரும் உப்பும் சொட்டிச் சொட்டிச் செயின் துருப்பிடித்தது. படகுப் பலகைக்குப் பூசுகிற மீன் எண்ணெயைக் கொண்டுவந்து செயினுக்குத் தாராளமாகப் பூசினார். "கப்பலே கெடாம கீது, இது இன்னா ஜுஜுபி" என்றார். செயினுக்கு என்ன ஆனதோ தெரியாது, தெருவில் இருந்த பூனையெல்லாம் எங்கள் வண்டியடியில் குடிவந்துவிட்டது. கிளம்பினால் பூனை பின்னால் வரும், பூனைக்குப் பின்னால் நாய் வரும். சாமி ஊர்வலம்கூட அவ்வளவு கூட்டத்தோடு போயிருக்காது.

எண்ணெய் பூசினால் தேய்ந்த பல் முளைக்குமா? பின்சக்கரத்துப் பல்லெல்லாம் சுறாவின் துடுப்பு மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஒருநாள் வழியிலிருந்த ரயில்வே கேட்டில், சரியாகத் தண்டவாளத்தின் நடுவில், செயின் கழன்று விழுந்தது. வண்டி சாய, சங்கரா மீனெல்லாம் ஜல்லிமேல். கேட்காரர் கத்துகிறார், பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது. கல்யாணி ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி, "இன்னாக்கா, ரயிலுக்கே மீன் விக்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு நிழல் அவளுக்கு. மறுநாளும் அவளுக்கு. என் வாடிக்கைக்காரம்மா ஒருத்தி அவளிடம் நெத்திலி வாங்குவதை வெயிலில் உட்கார்ந்து பார்த்தேன். கட்டின புருஷன் இன்னொருத்தியோடு போயிருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது.

அந்த இரண்டாம் நாள் சாயங்காலமே டோல்கேட்டில் உதிரிபாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. பழைய செயினைக் கையில் வாங்கியவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "இதைக் குழம்பு வைக்கலாம்போல இருக்கே" என்றார்.

"செயினு மட்டும் போதும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அண்ணே, பழைய பல்லு புதுச் செயினைத் தின்னுரும். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, செயினு, எல்லாம் சேத்துத்தான் மாத்தணும். வண்டி எதுக்கு? சுமைக்கா, சோக்குக்கா?"

"சுமைக்கு" என்றேன் நான்.

"சோக்குக்கு" என்றார் அவர், அதே மூச்சில்.

அண்ணாச்சி இரண்டு பல்சக்கரங்களை மேசையில் வைத்தார். பின்னால் சின்னது போட்டால் ஓட்டம், பெரியது போட்டால் இழுவை, இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது என்றார். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்ப்பது போலத்தான். நான் பெரியதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னாமே, நான் இன்னா மாட்டு வண்டியா ஓட்றேன்? பசங்கல்லாம் சைடு வாங்கினு போவான்."

"போவட்டும்யா. அவன் முதுவுல ஐஸ் பெட்டி கீதா?"

"மானம் போவுது."

"மீனு போவுதே, அது பரவால்லயா?"

கடையில் நின்ற ஒருத்தன், "வுடு நைனா, வூட்ல கியரு அக்கா கைல கீது" என்றான். அதோடு பேரம் முடிந்தது. பெரிய சக்கரத்துக்கு நீளம் போதாதென்று செயினில் கண்ணி சேர்த்துக் கொடுத்தார் அண்ணாச்சி. நாளைக்கு நிழலில் இடம் பிடிக்காவிட்டால் அன்றைக்கே உன் இஷ்டப்படி சின்னது மாட்டிக்கொள் என்று வழியெல்லாம் நானே வாக்கும் கொடுத்துத் தொலைத்தேன்.

மறுநாள் காலை வண்டி அலறியது. சத்தம் ரயில் மாதிரி, வேகம் நத்தை மாதிரி. பால்காரரின் சைக்கிள்கூட எங்களைத் தாண்டியது. என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு ஓட்டினார். கல்யாணியின் ஆட்டோ தாண்டியபோது, கொடுத்த வாக்கை நினைத்துப் பெட்டிக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கேட் மூடியிருந்தது. துறைமுகத்துச் சரக்கு ரயில், முடிவில்லாமல் போனது. முந்திப் போனவர்களெல்லாம் அங்கேதான் நின்றார்கள். வண்டிகளின் சந்தில் நுழைந்து கல்யாணிக்குப் பக்கத்திலேயே போய் நின்றோம். அவள் என்னைப் பார்த்தாள், நான் ரயிலைப் பார்த்தேன்.

கேட் தூக்கியது. தண்டவாளத்துக்கு ஏறுகிற மேடு ஜல்லியும் குழியும். வேகமான வண்டியெல்லாம் உறுமி, நெளிந்து, அணைந்தது. கல்யாணியின் ஆட்டோ பாதி ஏறிப் பின்னால் வழிந்தது. எங்கள் வண்டி, இரண்டு பெட்டியோடும் என் கனத்தோடும், ஒரே மூச்சில் ஏறியது. கப்பலை இழுத்துவரும் படகைத் துறைமுகத்தில் பார்த்திருக்கிறீர்களா? அப்படி. முகத்துத் துண்டு எப்போது கழுத்துக்கு வந்ததென்று தெரியவில்லை. "ஒத்து, ஒத்து, லோடு வருது" என்று என் வீட்டுக்காரர் ஊருக்கே கேட்கக் கத்தினார். புங்கமர நிழலில் என் கூடைதான் முதலில் இறங்கியது.

கதை அங்கே முடியவில்லை. மறுவாரம் டீக்கடையில் அவர் நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "பெருசு போடலாம்னு நான்தான் சொன்னேன். எங்க வூட்டுது சின்னதுதான் வேணும்னு ஒரே பேஜாரு." கையிலிருந்த டீயை அவர் தலையில் ஊற்றாதது என் பெருந்தன்மை. அதிலிருந்து எங்கள் வீட்டில் சாம்பாரில் உப்பு கூடினாலும் கடைசியில் சண்டை அந்தச் சக்கரத்தில்தான் வந்து நிற்கும். நான்தான் எடுத்தேன் என்பேன், நான்தான் எடுத்தேன் என்பார். அவர் படுக்கையில் விழுந்தபோது பார்க்க வந்த கல்யாணியிடமும், "அந்தப் பெரிய சக்கரம் என் ஐடியாம்மா" என்றார். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே, "தெரியும்ணே, இந்தக்காக்கு அவ்ளோ மூளை ஏது" என்றாள்.

இப்போது அந்தக் கேட் இல்லை, மேலே பாலம் போகிறது. புங்கமரத்தைச் சாலைக்காக வெட்டிவிட்டார்கள். அண்ணாச்சி கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். சக்கரத்தை நான்தான் எடுத்தேன் என்று இப்போது யாரிடம் சொன்னாலும், "ஆமாம்மா" என்று உடனே ஒப்புக்கொள்கிறார்கள். ஜெயித்த மாதிரியே இல்லை.