அல்ஜியர்ஸ் படிக்கட்டும் ஒரு வெடிக்கடையும்

“டீச்சர், வெளிநாட்டுலயும் வெடி போடுவாகளா?” தாயில்பட்டிப் பள்ளியில் ஒரு மாணவி கேட்டாள். போடுவார்கள் என்று சொன்னேனே தவிர, கண்ணால் பார்த்தது போன செப்டம்பரில்தான்.

மருமகனுக்கு அல்ஜியர்ஸில் கட்டுமான வேலை. மகளைப் பார்க்க நானும் கணவரும் சென்னை, தோஹா என்று மாறி மாறிப் போய் இறங்கியபோது இருவருக்கும் கால் வீங்கியிருந்தது. நம்மைவிட நாலரை மணி நேரம் பிந்திய ஊர். தூக்கம் சரியாக இரண்டு நாளாயிற்று.

அல்ஜீரியாவின் தலைநகரம் இது. சர்க்கஸ் கேலரியை நினைத்துக்கொள்ளுங்கள். வளையம் இருக்கும் இடத்தில் கடல், பலகைகள் இருக்கும் இடத்தில் வெள்ளை வீடுகள். வரைபடத்தில் அரைக் கிலோமீட்டர் என்றால் பாதிக்குமேல் படிக்கட்டு. வெம்பக்கோட்டை அணைக்கரையைத் தவிர மேடு ஏறாத எங்களுக்கு இது தெரியவில்லை. ஏறுவதற்கு டாக்சி, இறங்குவதற்குக் கால் என்று பிறகுதான் புரிந்தது.

காலையில் ஹம்மா தோட்டம். அங்கிருந்து கேபிள் காரில் தியாகிகள் நினைவுச் சின்னம். துறைமுகம் முழுவதும் அங்கே தெரியும். மதியம் மெட்ரோவில் தியாகிகள் சதுக்கம், டிக்கெட் ஐம்பது தினார். அதன் பின்னால்தான் பழைய நகரமான கஸ்பா. பாதி ஏறியதும் முட்டி மறுத்துவிட்டது. திரும்பி இறங்கினோம்.

கீழே கடைத்தெருவில், மீலாது நபிக்காக மேசை மேசையாக வெடி. சுற்றிலும் பிள்ளைகள். ஒரு கடைக்காரர் வாயில் புகைந்துகொண்டிருந்தது சிகரெட். அச்சங்குளத்தில் முப்பது வருஷம் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்த என் கணவர் நின்றுவிட்டார்.

“அங்கன பாரு டீச்சர். வாயில நெருப்ப வச்சிக்கிட்டு சரம் விக்கான்.”

“வாங்க, கால் வலிக்கி. அவுக ஊரு, அவுக வெடி.”

“பிள்ளைக நிக்குதுல்ல?”

இவர் போய், உதட்டைத் தொட்டு, வேண்டாம் என்று கையை ஆட்டினார். சிகரெட் கேட்கிறார் என்று நினைத்த கடைக்காரர் சிரித்தபடி ஒரு சிகரெட் கொடுத்து, சரத்துக்கு மேலேயே லைட்டரையும் பற்றவைத்து நீட்டினார். இவர் லைட்டரை வெடுக்கென்று பிடுங்கி அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். கடைக்காரர் முகம் மாறியது. பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எனக்கு அரபியும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது.

இவர் சட்டைக் கையை மடக்கினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்து சுருங்கிய தோல். அதைக் காட்டி, வெடியைக் காட்டி, பிள்ளைகளைக் காட்டினார்.

கடைக்காரர் அந்தத் தழும்பைப் பார்த்தார். சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்து, மேலே தண்ணீரும் ஊற்றினார். பிறகு லைட்டருக்குக் கை நீட்டினார்.

“வித்து முடிச்சதும் தாறேன்னு சொல்லு டீச்சர்.”

“எந்தப் பாஷையில சொல்ல?”

சொல்லத் தேவைப்படவில்லை. கடைக்காரரே இரண்டு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். கஸ்பாவின் மிச்சத்தைப் பார்க்காமல், மேசை காலியாகும் வரை உட்கார்ந்திருந்தோம்.

தீபாவளிக்கு வெடி வாங்கப் போகும்போது, கடைப்பக்கம் யாராவது புகைத்தால் தள்ளிப் போகச் சொல்லிப் பாருங்கள்.