காதைத் தாண்டாத கொம்பு

டோர்சி லெம்பெர்க்கை ஓரிடத்தில் உட்கார வைத்தவர்கள் உலகத்தில் மூன்றே பேர். முடி வெட்டுகிறவர், பல் பிடுங்குகிறவர், விவாகரத்து கொடுத்த நீதிபதி. மூன்று பேருமே சீக்கிரம் முடித்து அனுப்பிவிட்டார்கள்.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. லானோ ஊரைச் சுற்றியுள்ள பண்ணைகளுக்குக் கேஸ் லாரி ஓட்டிப் போய், வீட்டுக்கு வீடு பெரிய தொட்டியை நிரப்பிவிட்டு வருவது வேலை. தொட்டி நிரம்புகிற பத்து நிமிஷத்துக்குள் அந்த வீட்டு நாயைக் கொஞ்சி, ஒழுகுகிற குழாயை இறுக்கி, கோழிக்கூண்டுக் கதவுக்கு எண்ணெய் விட்டிருப்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மனைவி சார்லீன் அவரை விட்டுப் போனபோது கோர்ட்டில் பெரிய குற்றமாக எதையும் சொல்லவில்லை. "நல்ல மனுஷன்தான். சாப்பிடும்போது எதிர்ல ஒரு ஆள் உக்காந்திருக்கணும்னு ஆசைப்பட்டேன், அவ்ளோதான்" என்றாள். டோர்சி எழுந்து நின்று, அவள் சொல்வது சரிதான் என்று ஒப்புக்கொண்டார். அது பதினாலு வருஷத்துக்கு முந்தைய கதை.

இப்படிப்பட்ட மனுஷனின் உயிர் எதில் இருந்தது என்றால், அசையாமல் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு எந்தத் திறமையும் கேட்காத மான் வேட்டையில் இருந்தது. வருஷத்தில் நாற்பத்து நாலு வாரம் லாரி ஓட்டுவதே மீதி எட்டு வாரத்துக்காகத்தான் என்று அவரே சொல்லுவார்.

ஊருக்கு வடக்கே ஐம்பது மைல் தள்ளி, ஓடையை ஒட்டிய எண்ணூற்று நாற்பது ஏக்கர் பண்ணை. அதன் வேட்டைக் குத்தகையை நாலு பேர் சேர்ந்து எடுத்திருந்தார்கள். டோர்சி, பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக்காக இருக்கும் பின்வீட்டுக்காரர் வெண்டெல் ப்ரூயிட், டயர் கடை வைத்திருக்கும் ரூபன் கான்ட்டூ, அப்பா இறந்தபின் அவர் பங்குக்கு வந்த டெரி ஜோ. நாலு பேருக்கும் தலைவர் டோர்சி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், அவர் நின்றுகொண்டிருந்தார், அதனால் தலைவரானார்.

பங்கு பிரிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மறைந்து உட்கார ஜன்னல் வைத்த நாலு பரண்; வேட்டை தொடங்கும் முந்தின நாள் மாலை, எண் எழுதிய பாட்டில் மூடிகளைக் காபி டப்பாவில் போட்டுக் குலுக்குவார். ஒரே பரண் ஒருவருக்கு இரண்டு வருஷம் தொடர்ந்து விழுந்தால் மறுபடி குலுக்கல். மான்களுக்குச் சோளம் போடும் தொட்டிகளை நிரப்ப முறை வைத்திருந்தார். யார் சுட்டாலும் கறி நாலு கூறு. ஒருதரம் பெக்கான் பருப்பு கேக்கை அளவு நாடா வைத்து வெட்டினார். ரூபன் தன் துண்டை நீதிமன்றத்துக்கே மறு அளவைக்கு அனுப்பப் போவதாக மிரட்டினார்.

எல்லா விதியிலும் கடுமையானது காது விதி. மான் எதிரே பார்க்கும்போது கொம்பின் அகலம் இரண்டு காது நுனிகளையும் தாண்டியிருக்க வேண்டும். தாண்டாதது சின்னப் பயல், அதை வளரவிட வேண்டும். தவறிச் சுட்டவர் அந்த நிமிஷமே துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். அடுத்த வருஷக் குலுக்கலுக்குத்தான் திரும்பி வரலாம். முகாம் வண்டியின் கதவில் அறைந்த பலகையில் டோர்சி இதை எழுதி, கீழே 'நிதானமாகப் பார்' என்று சிவப்பில் கோடு போட்டிருந்தார். நிதானத்தைப் பற்றி அவர் எழுதியதை நினைத்து நாலு பேரும் சிரித்திருக்கிறார்கள், அவரும் சேர்ந்து.

போன நவம்பரில் முதல் நாளே வெண்டெல் ஒரு சின்ன மானைச் சுட்டுவிட்டார்.

"காதைப் பின்னால மடிச்சிருந்துச்சு டோர்சி. அதனால கொம்பு வெளியே நின்ன மாதிரி தெரிஞ்சுது."

"மடிச்சிருந்தா என்ன, இஸ்திரி போட்டிருந்தா என்ன. நுனிக்கு நுனி அளந்தாச்சு."

ரூபன் சிரித்துவிட்டார். டெரி ஜோ சிரிக்கவில்லை. வெண்டெலின் அப்பா ஆர்வில், எண்பத்தொரு வயது, மகனின் விருந்தாளியாக வந்து மடக்கு நாற்காலியில் பீன்ஸ் தட்டை மடியில் வைத்து அப்போதுதான் முதல் கரண்டி எடுத்திருந்தார். மகன் கிளம்பினால் விருந்தாளியும் கிளம்ப வேண்டும், அதுவும் விதி. டோர்சியே அந்தத் தட்டை வாங்கி அலுமினியத் தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அன்றைக்கு அது பெரிய தயவாக அவருக்குத் தோன்றியது.

ஜூலையில் ஆர்வில் இறந்துபோனார். டோர்சி அடக்கத்துக்குப் போனார், உள்ளே உட்கார முடியாமல் வெளியே வெயிலில் வண்டிகளை வரிசையாக நிறுத்தக் கை காட்டிக்கொண்டிருந்தார். வெண்டெல் எல்லோருக்கும் கொடுத்த மாதிரியே அவருக்கும் கை கொடுத்தார். மறுவாரம், எப்போதோ வாங்கியிருந்த ஏணியை வேலிக்கு மேலாகத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான் பேச்சு. ஒரு மனுஷன் உங்கள் மேல் கோபமே படவில்லை என்றால் அதைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? டோர்சி அதை லாரியில் ஏற்றிக்கொண்டு கோடை முழுக்கச் சுற்றினார்.

இந்த வருஷக் குலுக்கலில் டோர்சிக்குக் குளத்துப் பரண் விழுந்தது. அடுத்த மேட்டுப் பரண் வெண்டெலுக்கு.

சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்குள் டோர்சி கொண்டுவந்திருந்த கடலை பிஸ்கட் தீர்ந்துவிட்டது. தொப்பியால் பரணின் தரையைப் பெருக்கினார். மூலையில் இருந்த குளவிக் கூட்டோடு சின்ன யுத்தம் நடத்தினார். ஜன்னலை மூடினார், திறந்தார், வேறு ஜன்னலைத் திறந்தார். அந்தச் சத்தத்துக்கு மானே வந்திருக்கக் கூடாது. வந்தது. சீடர் புதரிலிருந்து சோளத் தொட்டிக்கு நேராக வந்து, தலையைத் தாழ்த்தி, அவர் பக்கம் திரும்பி நின்றது. கொம்பு காதுக்கு வெளியே இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரிந்தது. கூடவே டோர்சியின் விரலும் அசைந்துவிட்டது.

மான் விழுந்தபின்தான், பரணுக்கு அடியில் புதருக்குள் இன்னொரு பெரிய கொம்பு மான் திரும்பி ஓடுவதைப் பார்த்தார். சின்னது அதைக் கண்டுதான் முறைத்து நின்றிருக்கிறது. முறைக்கிற மான் காதைப் பின்னுக்கு மடிக்கும்.

கீழே இறங்கிப் போய்ப் பார்த்தபோது காதுகள் தளர்ந்து இரண்டு பக்கமும் விழுந்திருந்தன. கொம்பு அவற்றுக்கு உள்ளே இருந்தது. சாணால் அளந்தார். தொப்பியின் விளிம்பால் அளந்தார். இந்தப் பக்கம் வந்து அளந்துவிட்டு அந்தப் பக்கம் போய் அளந்தார், நடுவில் அது வளர்ந்துவிடும் என்பதுபோல.

துப்பாக்கிச் சத்தம் கேட்டால் பக்கத்துப் பரண்காரர் இருபது நிமிஷம் பொறுத்துக் கயிற்றோடு உதவிக்கு வர வேண்டும். அதையும் டோர்சிதான் எழுதியிருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினோரு நிமிஷம் ஆகியிருந்தது. குளத்தைச் சுற்றி ஒரு நடை போனார். மானைப் புதருக்குள் இழுக்கப் பிடித்தார், விட்டார், கையைத் துடைத்தார். மறுபடி குளத்தைச் சுற்றினார். இரண்டாவது சுற்று முடிவதற்குள் மேட்டில் வெண்டெலின் ஆரஞ்சுத் தொப்பி தெரிந்தது.

வெண்டெல் கயிற்றைத் தோளில் போட்டபடி வந்து நின்று மானைப் பார்த்தார். முழங்காலிட்டு அதன் காதுகளை இரண்டு கையாலும் பின்னுக்கு மடித்தார். கொம்பு வெளியே வந்தது. காதுகளை விட்டார். கொம்பு உள்ளே போனது.

"முறைச்சுக்கிட்டு நின்னுச்சா?"

"பெரிசு ஒண்ணு பரணுக்கு அடியில நின்னுச்சு."

"ம்."

டோர்சி இடுப்பில் கை வைத்தார், எடுத்தார், வேறு இடத்தில் வைத்தார். "திட்டுறதுன்னா திட்டிரு வெண்டெல்."

"தலையை அறுத்து அந்தப் பள்ளத்துல போட்டுரு. உரிச்சு நாலு கூறாக் கொண்டு போனா பெட்டைன்னு சொல்லிக்கலாம், கொம்பில்லாததுக்கு ஏது விதி. ரூபன் எட்டு மணிக்கே இறங்கி பீன்ஸ் கிண்டப் போயிருப்பான். ஆடுன்னு சொன்னாலும் நம்புவான்."

"டெரி ஜோ?"

"அவ கேக்க மாட்டா. நான் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

வெண்டெல் கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உனக்கு வேற என்ன இருக்கு டோர்சி."

ஏளனமாகச் சொல்லியிருந்தால் டோர்சிக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெண்டெல் சும்மா, வண்டியில் எண்ணெய் குறைவு என்று சொல்கிற மாதிரி சொன்னார். டோர்சி கத்தியை விரித்தார். மானின் கழுத்தருகே குனிந்தார். எட்டு வாரம் கையருகே இருந்தது. ஒரு வெட்டுதான். வெண்டெல் வேண்டுமென்றே குளத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்த முதுகைத்தான் டோர்சியால் பார்க்க முடியவில்லை. போன வருஷமும் அதே முதுகு இப்படித்தான், அப்பாவை நாற்காலியிலிருந்து தூக்கிவிடக் குனிந்திருந்தது.

கத்தியை மடக்கினார். "கயித்தைக் கொம்புல கட்டு. இழுப்போம்."

"யோசிச்சுக்க."

"யோசிச்சா வேற மாதிரி ஆயிடும். கட்டு."

முகாமில் ரூபன் கரண்டியோடு வந்து பிக்கப்பின் பின்பலகையில் கிடந்ததைப் பார்த்தார். "யாரு பெத்த புள்ளடா இது? பால்குடி மறந்துச்சா இல்லையா?" என்றவர், சட்டென்று முகம் மாறி வெண்டெலைப் பார்த்தார். "மறுபடியுமா வெண்டெல்?"

"நான்" என்றார் டோர்சி.

"நீ என்ன?"

"நான்தான் சுட்டேன். அவன் இழுக்கத்தான் வந்தான். காதை மடிச்சிருந்துச்சு." இந்தக் கடைசி வார்த்தை வாயிலிருந்து வந்தபின் அவர் கதவில் விதிப் பலகை இருந்த பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொண்டார்.

டெரி ஜோ மானின் காதைத் தொட்டுப் பார்த்தாள். பல் டாக்டரிடம் உதவியாளாக இருப்பவள். எதையும் தொட்டுப் பார்த்துத்தான் பேசுவாள். "அப்ப விதியிலதான் கோளாறு மாமா. முறைச்சு நிக்கிற மானுக்கு இந்த அளவு சரிப்படாது. மாத்திருவோம்."

"மாத்துங்க. நாளைக்கு மாத்துங்க. நான் போனப்புறம். இன்னைக்கு மாத்துனா அது எனக்காக மாத்துனது."

"சாப்பிட்டுட்டாவது போங்க. பீன்ஸ் ஆயிடுச்சு."

"ஆர்வில் சாப்பிட்டுட்டா போனாரு?"

ரூபன் அடுப்பைப் பார்க்கப் போனார். அடுப்பில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

டோர்சி துப்பாக்கியைப் பையில் போட்டார். படுக்கையைச் சுருட்டினார், சரியில்லை என்று அவிழ்த்து மறுபடி சுருட்டினார். காபி டப்பாவையும் சாவிக் கொத்தையும் டெரி ஜோவிடம் கொடுத்தார். மேற்குச் சோளத் தொட்டியின் டைமர் ஆறு நிமிஷம் முந்தி ஓடும் என்றார், நாலாவது பரணின் மூன்றாவது படியில் கால் வைக்காதே என்றார், இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து, போதும் என்று வண்டியில் ஏறினார்.

எஞ்சினைக் கிளப்பியபோது அடுத்த பக்கக் கதவு திறந்தது. வெண்டெல் ஏறி உட்கார்ந்தார்.

"நீ எங்க?"

"கேட்டைத் தொறக்க ஆள் வேணாமா? நீயே எறங்கி, தொறந்து, ஏறி, எறங்கி, மூடி, ஏறி. பாக்கவே எனக்கு அலுப்பா இருக்கும்."

பண்ணை கேட் வரை அரை மைல். டோர்சி ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். வெண்டெல் இறங்கித் திறந்தார். வண்டி வெளியே போனதும் மாடுகள் வராமல் மூடிவிட்டு, திரும்பிப் போகாமல், ஜன்னலருகே வந்து கதவில் கை வைத்து நின்றார்.

"போன வருஷம் நீ சொன்னது நெசம்" என்றார் டோர்சி, முன் கண்ணாடி வழியே பார்த்தபடி.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்."

"நான் காது குடுக்கல."

"குடுக்கல."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டோர்சியின் கை கியரில் இருந்தது. மன்னிப்புக் கேட்பதற்கான வார்த்தையை அவர் ஜூலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தார். இப்போதும் கையில் அகப்படவில்லை.

"அன்னைக்கு வீட்டுக்குப் போற வழியெல்லாம் அப்பா உன்னைத் திட்டிக்கிட்டே வந்தாரு" என்றார் வெண்டெல். "ஆத்துப் பாலம் வரைக்கும் நிறுத்தல. பக்கவாதம் வந்ததுல இருந்து நாளைக்கு நாலு வார்த்தைதான் பேசுவாரு, தெரியும்ல. அன்னைக்கு அம்பது மைலுக்குப் பேசுனாரு. பொட்டலத்தை மடியில வெச்சுக்கிட்டு, பீன்ஸைக் கையாலயே அள்ளித் தின்னுக்கிட்டு."

"என்னென்ன சொன்னாரு?"

"உங்க தாத்தாவுல ஆரம்பிச்சாரு."

"எங்க தாத்தாவை அவருக்கு எப்படித் தெரியும்?"

"அதுவே பத்து மைலு ஓடுச்சு."

வெண்டெல் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. டோர்சி கியரிலிருந்து எடுத்தார். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

"தாத்தாவுல இருந்தே சொல்லு" என்றார்.