பல்லு பஸ்ஸின் லாச்சிக்குக் கீழே

நான் வள்ளம் திருத்துகிற ஓடாவி. உள்துறைமுகக் கரையில் என் கொட்டில். பைபர் வள்ளத்தில் ஓட்டை விழுந்தால் அடைப்பது என் தொழில். செத்த நண்டு, இறால் கழிவு, அழுகின இரை எல்லாம் முப்பது வருசமாக மூக்குக்குப் பழகியவை. ஆனால் அந்தப் பல்லு பஸ்ஸின் நிலப்பலகையைக் கிளப்பின அன்றைக்குப் போல எனக்கு ஒருநாளும் சத்தி வந்ததில்லை.

பல்லு பஸ் என்றால், எங்கள் பங்குக் கோயிலுக்கு வெளிநாட்டில் ஆரோ கொடுத்த வண்டி. உள்ளே பல்லுப் பிடுங்குகிற கதிரை, தண்ணித் தாங்கி, மருந்து அலுமாரி. கிழமைக்கு ஒருக்கா டொக்டர் அம்மாவை ஏற்றிக்கொண்டு தோப்பூர், ஈச்சிலம்பற்று என்று போகும். நிறுத்தின பிறகு ஒரு சுவிச்சை அமத்தினால் பக்கச் சுவரில் ஒரு பகுதி அப்படியே மூன்று அடி வெளியே வரும். உள்ளே இடம் கூடும். மேசையில் இழுக்கிற லாச்சி மாதிரி வந்து போவதால் நாங்கள் அதை லாச்சி என்றுதான் சொல்வோம். இரண்டு வருசத்துக்கு முதல் அந்த லாச்சிக்குக் கீழே உள்ளங்கை அளவுக்கு நிலம் மெத்தென்று போனது. அதைத் திருத்தினதும் நான்தான்.

இந்த முறை ஈச்சிலம்பற்றில் ஒரு மனுசி கதிரையால் இறங்கி அடி வைக்க, கணுக்கால் வரைக்கும் நிலத்துக்குள்ளே போய்விட்டது. பல்லுக்கு வந்தவ காலில் கட்டோடு வீட்டுக்குப் போனா. திருத்தும் வரைக்கும் அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்றுவிட்டா டொக்டர் அம்மா. பாதர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் குனிந்தும் பாராமல் தீர்ப்புச் சொன்னனான்: றைவர் லாச்சியை மழைக்குள்ளே திறந்து விட்டிருப்பார், இல்லாட்டி உள்ளே வாளியால் அள்ளி ஊற்றிக் கழுவியிருப்பார், பிளைவூட் உதுக்கு மேலே என்னத்தைத் தாங்கும் என்று.

றைவர் பக்கத்தில்தான் நின்றார். ஐம்பது தாண்டினவர், குறிஞ்சாக்கேணியிலிருந்து விடிய வெள்ளென பஸ் ஏறி வருகிறவர். நான் அப்படிச் செய்கிறதில்லை, லாச்சியின் கூரையைத் துடைத்துப்போட்டுத்தான் அதை உள்ளே எடுக்கிறனான் என்றார். ஓடாவி ஒன்று சொல்லி றைவர் ஒன்று சொன்னால் ஆருடைய கதை எடுபடும்? மாதக் கடைசியோடு வேறு வேலை பார்க்கச் சொல்லிப் பாதர் சொல்லிப்போட்டார். அந்த வயதில் அந்த மனுசனுக்கு ஆர் வேலை கொடுப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை. வேலைக்கு எத்தனை பலகை வேணும் என்றுதான் யோசித்தேன்.

திங்கட்கிழமை வண்டியை என் கொட்டிலடியில் கொண்டுவந்து விட்டது அவர்தான். பிளாஸ்ரிக் விரிப்பை ஒரு மூலையால் உரித்தேன். சீ! அது ஒரு நாத்தமா? கிராம்புத் தைலமும் எச்சிலும் பழைய இரத்தமும் சேர்ந்து புளித்த அரியண்டம். பிளைவூட் கறுத்து, தேத்தண்ணியில் விழுந்த றஸ்க் மாதிரி விரலோடு வந்தது. அதுக்குள்ளே பஞ்சு, நூல்துணி, கரப்பொத்தான் குஞ்சுகள். பிறகு பல்லுகள். லாச்சி ஓடுகிற இடுக்கு வழியே விழுந்தவை. ஒன்று இரண்டு இல்லை. வெத்திலைக் கறை பிடித்த கடைவாய்ப் பல்லு ஒன்று வேரோடு என் நகத்துக்குள்ளே குத்தியது. வெளியே ஓடிப்போய்க் காலைமை தின்ற இடியப்பம் முழுவதையும் கரையில் சத்தி எடுத்தேன்.

திரும்பி வந்து வாயைச் சும்மா வைத்திருந்தேனா? இது மனுசர் ஓட்டுகிற வண்டியோ, பன்றி கட்டுகிற பட்டியோ என்று றைவரைக் கேட்டேன். சுத்தம் என்ன விலை என்று கேட்கிற ஆள்போல என்றேன். ஒவ்வொரு துண்டைப் பெயர்க்கவும் ஒரு பேச்சு. அவர் உரச்சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்று, நான் எறிந்ததையெல்லாம் வெறுங்கையால் அள்ளிப் போட்டார். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கூட்டியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று அவருக்குக் கேட்கத்தான் சொன்னனான்.

பலகை முழுக்கக் கிளம்பின பிறகு பார்த்தால் அடியில் தண்ணி. இரண்டு விரல் உயரத்துக்கு, பழுப்பு நிறத்தில், புழுவோடு தளும்பிக்கொண்டு நின்றது. பத்து நாளாக மழையில்லை. பிறகு எங்கயால் இது? றைவரைக் கூரையில் ஏறி ஒரு வாளி தண்ணி ஊற்றச் சொல்லிவிட்டு உள்ளே பார்த்துக்கொண்டு நின்றேன். லாச்சியின் மேல் விளிம்பில் றப்பர் வெடித்திருந்தது. அதுக்குள்ளால் மெல்லிசாக இறங்கி, சுவரோடு வந்து, நிலத்துக்கு அடியில் போய் நின்றது. அங்கிருந்து போக வழியில்லை. கீழே முழுக்க என் பைபர்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. முதல்முறை திருத்தும்போது வண்டியின் அடித்தகட்டில் வரிசையாக ஆறு சின்ன ஓட்டைகள் இருந்தன. வள்ளக்காரனுக்கு ஓட்டையைக் கண்டால் கை சும்மா இராது. எந்த விசரன் இதில் ஓட்டை போட்டவன் என்று பேசிப்பேசி ஆறையும் ரெசினால் அடைத்து, மேலே மூன்று பூச்சுப் பைபர் போட்டு, விளிம்பையும் உயர்த்தி விட்டனான். கடலில் இறக்கினாலும் ஒரு துளி ஏறாது பாதர் என்று பெருமை வேறு. வள்ளத்துக்குத் தண்ணி கீழாலே வரும், பஸ்ஸுக்கு மேலாலே வரும் என்கிற சின்ன அறிவுகூட இருக்கவில்லை. மேலாலே வருகிற கொஞ்சத் தண்ணி வடிந்து போகத்தான் செய்தவன் அந்த ஓட்டைகளை விட்டிருக்கிறான். நான் அதைத் தொட்டியாக்கி, ஊரார் துப்பினதையெல்லாம் இரண்டு வருசம் ஊறப் போட்டிருக்கிறேன்.

வண்டிக்கு அடியில் படுத்து றில்லால் ஒரு ஓட்டை போட்டேன். அவ்வளவும் என் நெஞ்சில் கொட்டியது. துடைக்கவும் தோன்றவில்லை.

றைவர் சாக்கைக் கொட்டப் போயிருந்தார். அந்த நேரத்தில் என் மனம் பார்த்த வேலையை எழுதக் கூசுகிறது. கிறைண்டரால் அந்தப் பைபரை வெட்டித் தூளாக்கினால் ஆருக்குத் தெரியும்? புதுத் தகடு, புதுப் பலகை. எல்லாரும் நல்ல வேலை என்பார்கள். றைவர் மாதக் கடைசியில் போவார். கிறைண்டரைக் கையில் எடுத்தும் விட்டேன், விரல் சுவிச்சில். தூ, நீயும் ஒரு மனுசனா என்று என் மூஞ்சியில் நானே காறித் துப்ப வேணும் போல இருந்தது. கிறைண்டரைக் கீழே வைத்துவிட்டுப் பாதருக்கு போன் எடுத்தேன்.

பாதர் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். றைவரும் வெறும் சாக்கோடு திரும்பி வந்து நின்றார். இரண்டு பேருக்கும் அடைத்த ஓட்டைகளைக் காட்டினேன்.

“பாதர், இது என்ர கையால நான் கெடுத்தது. இவரில ஒரு பிழையும் இல்லை.”

பாதர் குனிந்து ஆறு ஓட்டையையும் எண்ணிப் பார்த்தார். பிறகு றைவரிடம், மன்னிக்க வேணும், நீங்கள் ஒரு இடமும் போக வேண்டாம் என்றார். அவர் ஓம் என்று தலையாட்டினார். முகத்தில் சந்தோசம் மாதிரி ஒன்றும் இல்லை. எனக்கு அந்த முகத்தைப் பார்க்க ஏலாமல் இருந்தது. நீங்களாவது என்னட்டை வந்து அடித்துச் சொல்லியிருக்கலாமே அண்ணை என்றேன். வெட்கம் கெட்டவன், அதையும் அவர் தலையிலேயே போடப் பார்த்தேன்.

அவர் சாக்கை மடித்துக்கொண்டே சொன்னார்.

“முதல் மாரிக்கே சொன்னனான் ஓடாவியார். முந்தி மழை பெய்தா பஸ்ஸுக்கு அடியால தண்ணி சொட்டும், நீங்கள் திருத்தினாப் பிறகு சொட்டுறேல்லை, அது எங்க போகுதெண்டு ஒருக்காப் பாருங்கோ எண்டு. இந்தக் கொட்டிலுக்கு வந்துதான் சொன்னனான். நீங்கள் உங்கட ஆக்களுக்கு அதைத் திருப்பிச் சொல்லிச் சிரிச்சனீங்கள்.”

ஓம், சிரித்தனான். சொட்டவில்லையாம், அதுக்கு முறைப்பாடு கொண்டு வந்திருக்கிறார் என்று சொல்லி, அவர் படலை தாண்டும் வரைக்கும், அவருக்குக் கேட்கக் கேட்கச் சிரித்தனான்.